தேய வேண்டியவையும் தேயக் கூடாதவையும்: வாகனப் பராமரிப்பின் கணக்கு

பழைய கார் ஒன்றை வாங்கப் போகும்போது அனுபவம் மிக்க ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்றால், அவர் பெயின்ட்டின் பளபளப்பையோ ஓடோமீட்டர் காட்டும் எண்ணையோ அதிகம் பொருட்படுத்துவதில்லை. பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கிறார். உலோகம் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தால் அந்த வண்டிக்கு உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டு வந்திருக்கிறது என்று பொருள். தார் போன்ற கசடு அப்பிக் கிடந்தால், விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும், மூடியைப் பழையபடி திருகிவிட்டு வேறு வண்டி பார்க்கலாம் என்கிறார். ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்டு, ஒரே தொலைவு ஓடிய இரண்டு கார்களில் ஒன்று இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையிலும் மற்றொன்று இன்ஜினைப் பிரிக்கும் நிலையிலும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த மூடிக்கு அடியில்தான் தெரிகிறது.

இதை விளங்கிக்கொள்ள, வண்டியின் பாகங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்ப்பது உதவும். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், பிரேக் பேட், செயின், டைமிங் பெல்ட், டயர் ஆகியவை தேய்வதற்கும் கெடுவதற்கும் என்றே வைக்கப்பட்டவை. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட், சிலிண்டர், அதன் மேல்மூடியான சிலிண்டர் ஹெட், கியர்கள் ஆகியவையோ வண்டியின் ஆயுள் முழுவதும் நிற்க வேண்டியவை. முதல் வகையின் விலை குறைவு, மாற்றுவதும் எளிது. இரண்டாம் வகையை எட்டுவதற்கே பல நேரங்களில் இன்ஜினை இறக்க வேண்டும். தேய்மானம் என்ற தவிர்க்க முடியாத சுமையை, வண்டியை வடிவமைத்தவர்கள் முதல் வகையின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றைக் காலத்தில் மாற்றாவிட்டால் அந்தச் சுமை இரண்டாம் வகையின் மேல் இறங்கிவிடுகிறது, அதுவும் சத்தமே இல்லாமல். வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகிறது, மைலேஜும் பெரிதாகக் குறைவதில்லை என்பதால், நன்றாகத்தானே ஓடுகிறது என்று சர்வீஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது எல்லோருக்கும் இயல்பாக இருக்கிறது. புகை தள்ளத் தொடங்கும்போதோ, இன்ஜினுக்குள் தட்டும் ஓசை கேட்கும்போதோ தேய்மானம் இடம் மாறிப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

இன்ஜின் ஆயிலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 130 தடவைக்கு மேல் நின்று திசை திரும்புகிறது. அந்த விசையைத் தாங்கும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு கனமே உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் ஷாஃப்ட் மிதந்தபடி சுற்றுகிறது. உராய்வைக் குறைப்பதோடு, பிஸ்டனிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் நுண்துகள்களையும் ஒன்றுசேர விடாமல் தன்னுள் தாங்கி ஃபில்டருக்குக் கொண்டுபோவது, அமிலங்களைச் செயலிழக்கச் செய்வது ஆகிய வேலைகளையும் அதே ஆயில்தான் செய்கிறது. இவற்றைச் செய்யும் வேதிச் சேர்மங்கள் ஆயிலில் குறிப்பிட்ட அளவே கலக்கப்பட்டிருக்கின்றன. எண்ணெய் இருக்கும்போதே அவை தீர்ந்துவிடுகின்றன. அதனால்தான் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தாலும் ஆயில் பயனற்றதாக ஆகியிருக்கலாம். ஆயில் கறுத்துவிட்டதே கெட்டுப்போனதற்கு அடையாளம் என்று பலர் நினைப்பதும் சரியல்ல. டீசல் வண்டியில் புதிதாக ஊற்றிய ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் பிடித்து வைக்கும் வேலையை அது செய்கிறது என்பதே அந்தக் கறுப்பின் பொருள். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாததால்தான் கிலோமீட்டரையும் மாதத்தையும் வைத்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மாதக் கணக்கு ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அதில் மிகப் பெரும் பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறினாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே ஆயில் இருக்கும் இடத்துக்குக் கசிகிறது. இன்ஜின் நன்கு சூடேறி அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே போய்வரும் வண்டியில் ஆயில் அந்த அளவுக்குச் சூடாவதே இல்லை. ஈரமும், எரியாமல் கசிந்த பெட்ரோலும் அதிலேயே தங்கி, அமிலமாகவும் கசடாகவும் மாறுகின்றன. ஆகவே, 'ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, எதற்கு சர்வீஸ்?' என்று கேட்பவரின் வண்டிதான், தினமும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியைவிடக் கடினமான வாழ்க்கை வாழ்கிறது. நம் நாட்டில் விற்கும் பல கார்களின் கையேடுகள் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், இவற்றில் எது முன்னதோ அப்போது சர்வீஸ் செய்க என்று சொல்வதில், 'எது முன்னதோ' என்ற சொல்லுக்குத்தான் முழு எடையும் இருக்கிறது.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஒரு கார் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் வாழ்ந்த அறிவியல் ஆசிரியர் இர்வ் கார்டன், 1966ஆம் ஆண்டு ஒரு சிவப்பு நிற வோல்வோ பி1800 காரை வாங்கினார். வாங்கிய வார இறுதி முழுவதும் ஓட்டி, திங்கட்கிழமையே 1,500 மைலுக்கான முதல் சர்வீஸுக்கு அதைக் கொண்டுவந்தார். 2013ஆம் ஆண்டு அலாஸ்காவில் அந்தக் கார் 30 லட்சம் மைலை, அதாவது ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டரைக் கடந்தது. ஒரே உரிமையாளர் ஒரே காரில் ஓட்டிய மிக அதிகத் தொலைவு என்ற கின்னஸ் சாதனை அவருடையது. அவர் கார் தனிச்சிறப்பான உலோகத்தால் செய்யப்பட்டதன்று. கையேட்டில் சொன்னபடி ஆயிலையும் ஃபில்டரையும் தவறாமல் மாற்றினார், சிறு கோளாறு தெரிந்த உடனே கவனித்தார், தேவைப்பட்டபோது இன்ஜினைப் பிரித்துச் சீரமைக்கவும் செய்தார். அவருடைய தொலைவில் பெரும்பகுதி நீண்ட சாலைப் பயணங்களாக அமைந்ததும் அந்த இன்ஜினுக்குச் சாதகமானது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நகர நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊரும் நம் வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு எனத் தனியாக ஓர் அட்டவணை இருந்தால், சென்னையிலோ கோவையிலோ தினமும் ஓடும் வண்டிக்குப் பொருந்துவது அதுதான்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள் என்பதால், அவற்றைப் பற்றித் தனியே சொல்லாமல் போக முடியாது. காரின் இன்ஜினில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் இருக்கும். அன்றாடம் நாம் ஓட்டும் பைக்குகளில் ஒரு லிட்டரை ஒட்டியே இருக்கும். அந்த ஒரு லிட்டர்தான் இன்ஜினுக்கும், கியர் பாக்ஸுக்கும், ஆயிலில் நனைந்தபடி இயங்கும் கிளட்ச் தகடுகளுக்கும் சேர்த்து உழைக்கிறது. கியர் பற்களுக்கு இடையே நசுங்கும் ஆயில் விரைவில் தன் பிசுபிசுப்பை இழந்து நீர்த்துப்போகிறது. காற்றால் மட்டுமே குளிரும் இன்ஜின் என்றால், சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஆயில் கூடுதலாகச் சூடேறுகிறது. அரை லிட்டர் குறைந்தால் காரில் எச்சரிக்கை விளக்கு எரியாமலே போகலாம், பைக்கிலோ அது மொத்த ஆயிலில் பாதி. கார் ஆயிலையே பைக்குக்கும் ஊற்றிக்கொள்ளலாம் என்ற வழக்கமும் தவறானது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் பைக்கின் கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜேசோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் அதற்கு எம்பி என்ற வேறு குறி. பின்சக்கரத்தருகே இருக்கும் கியர் ஆயில் தனி. இந்தக் கியர் ஆயிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமலே ஓடும் ஸ்கூட்டர்கள் எத்தனையோ இருக்கின்றன.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு கணக்குப் போதும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க இன்ஜின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. நம் சாலைத் தூசியில் மணலின் நுண்துகள்கள் நிறைய. அவை சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாளால் தேய்ப்பதைப் போலவே வேலை செய்யும். அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டி இப்போது நன்றாக இழுக்கிறது என்று மகிழ்பவர், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்திப் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் (போர் செய்யும்) செலவைத் தானே வரவழைத்துக்கொள்கிறார்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு கேடு உண்டு. ரேடியேட்டரில் அளவு குறைந்தால் கையில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றுவது நெடுங்காலப் பழக்கம். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் உப்புக்கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். அடுப்பில் வைக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் இன்ஜினின் நீர்ப்பாதைகளிலும் அதே போலப் படிகிறது. கூலன்ட் என்பது உறைவதைத் தடுக்கும் திரவம்தானே, பனி விழாத ஊரில் அது எதற்கு என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றும். ஆனால் அதில் உள்ள கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் நீரின் கொதிநிலையையும் உயர்த்துகிறது. ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் சேரும்போது, சரிபாதிக் கலவை 120 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். அதைவிட முக்கியமாக, அலுமினியத்தையும் இரும்பையும் அரிப்பிலிருந்து காக்கும் சேர்மங்கள் அதில் இருக்கின்றன. அவையும் காலப்போக்கில் தீர்ந்துவிடுவதால், பச்சை நிறம் மாறாமல் இருந்தாலும் குறித்த ஆண்டுக்குள் கூலன்டை மாற்ற வேண்டியிருக்கிறது. வெப்பம் ஒருமுறை கட்டுமீறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் நெளிந்துவிடும். பிறகு ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய், ஆயிலும் நீரும் கலந்து, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பியைப் போல ஒட்டிக்கொண்டு வரும். வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்ட பிறகும், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிய ஐந்து நிமிடங்களே பல இன்ஜின்களை முடித்திருக்கின்றன.

இதுவரை சொன்னவற்றில் பணம்தான் போகும். பிரேக் ஆயிலில் உயிர் போகும், ஆனாலும் பட்டியலில் மிகவும் புறக்கணிக்கப்படுவது அதுவே. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் நம் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இந்தத் திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்ற ஒரே பண்பை நம்பித்தான் முழு அமைப்பும் இருக்கிறது. ஆனால் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல நுழைந்துகொண்டே இருக்கும். டாட் 4 (DOT 4) என்ற தரக்குறி கொண்ட திரவம் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 230 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு அதே தரத்துக்கு 155 டிகிரிதான் எல்லை. டாட் 3 என்றால் இந்த எண்கள் 205, 140.

சமவெளியில் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிவதில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ, 40 வளைவுகளைக் கடந்து வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கோ, 36 வளைவுகளுடன் செங்குத்தாக இறங்கும் உதகை–கல்லட்டிச் சாலையிலோ, ஆட்களும் சாமான்களும் நிறைந்த வண்டியைப் பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே இறக்கும்போது, டிஸ்க்கின் வெப்பம் திரவத்துக்கு ஏறி, அதிலுள்ள நீர் ஆவியாகிக் குமிழாகிறது. திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சற்று நேரம் ஆறிய பின் பிரேக் பழையபடி பிடிக்கும் என்பதால், பின்னர் சோதித்துப் பார்ப்பவர்களுக்குக் குறை எதுவும் தென்படாமல்கூடப் போகலாம். குறைந்த கியரில் இன்ஜினையே தடையாக வைத்து இறங்க வேண்டும் என்று மலைச் சாலைகளில் பலகை வைத்திருப்பதன் காரணம் இதுவே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்று பல கையேடுகள் சொல்வதன் காரணமும் இதுவே. ஓடிய தொலைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, நிழலில் நிறுத்தி வைத்த வண்டியிலும் ஈரம் சேர்ந்துகொண்டுதான் இருக்கும்.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் புறக்கணிப்பின் விலை ஒரே நொடியில் வந்து சேரும். பிஸ்டன் மேலேறும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும் மோதிக்கொள்ளாதபடி கட்டி வைத்திருப்பது அந்தப் பெல்ட்தான். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அறுவதற்கு முன் எந்த ஓசையும் எழாமல் இருக்கலாம். ரப்பர் ஆண்டுகளாலும் கெடும் என்பதால், இதற்கும் கிலோமீட்டர், ஆண்டு என்ற இரட்டை எல்லை உண்டு. பைக் செயின் அப்படியல்ல, நிறையவே எச்சரிக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் விட்டு, தொய்வைச் சரிபார்த்தால் நெடுநாள் உழைக்கும். விடாவிட்டால், தான் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களைச் சுறாவின் துடுப்பைப் போலக் கூர்மையாக்கி, தன்னோடு சேர்த்து அதையும் மாற்ற வைக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அடிக்கடி எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பராமரிப்பு என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்க யுனைட்டெட் ஏர்லைன்ஸ் நிறுவனப் பொறியாளர்கள் 1978ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, விமானப் பராமரிப்பின் அடிப்படை எண்ணத்தையே மாற்றியது. அவர்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே, வயது கூடக்கூடப் பழுதாகும் வாய்ப்பும் கூடும் வகையைச் சேர்ந்தவை. 68 விழுக்காடு பாகங்களில், புதிதாகப் பொருத்திய தொடக்கக் காலத்தில்தான் பழுதாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட பாகங்களை நன்றாக இயங்கும்போதே பிரித்துக் கோப்பது பழுதைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டக்கூடும். இது கார்களுக்கும் ஓரளவு பொருந்தும். ஆயில், பெல்ட், பேட், திரவங்கள் ஆகியவை சந்தேகமின்றி வயதால் கெடுபவை, அவற்றுக்கு நாள் குறிக்க வேண்டும். மின்னணுப் பாகங்களுக்கும், எரிபொருளைப் பீய்ச்சும், ஒழுங்காக இயங்கும் இன்ஜெக்டருக்கும் அப்படி நாள் குறிப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங் என்று பில்லில் வந்து சேரும் வரிகள் கையேட்டின் அட்டவணையில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. அட்டவணையில் இருப்பதைத் தவிர்ப்பதும், இல்லாததைச் செய்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பொறுப்பு நம் நாட்டில் ஏறத்தாழ முழுவதும் உரிமையாளரிடமே விடப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு பழைய வாகனங்களுக்குத் தொடங்கிய கட்டாயச் சோதனை, 1967 முதல் மூன்றாண்டு கடந்த கார்களுக்கும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் சோதனைக்கு வந்தாக வேண்டும். இங்கே பேருந்து, லாரி, டாக்ஸி ஆகியவற்றுக்குத் தகுதிச் சான்று அடிக்கடி தேவைப்பட்டாலும், சொந்தப் பயன்பாட்டுக் காருக்கும் பைக்குக்கும் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள்வரை அந்தக் கேள்வியே எழுவதில்லை. புகைச் சோதனையில் பிரேக்கையோ டயரையோ எவரும் பார்ப்பதில்லை.

ஆகவே ஒரு சிறு நோட்டு அவசியமாகிறது. தேதி, அன்றைய கிலோமீட்டர், மாற்றிய பொருள், ஆயிலின் தரக்குறி என நான்கே குறிப்புகள் போதும். கிலோமீட்டரை வைத்து மாற்றுபவற்றை ஓடோமீட்டர் நினைவூட்டிவிடும். நாள் கணக்கில் மாற்ற வேண்டியவைதான் மறந்துபோகும். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு முன் வண்டியைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வாரத்தையே இவற்றுக்கும் நாளாக வைத்துக்கொண்டால், ஓடாத வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாறும், ஓர் ஆயுத பூஜை விட்டு அடுத்த ஆயுத பூஜைக்குப் பிரேக் ஆயில் மாறும், பேட்டரியின் முனைகளும் டயரின் பக்கச் சுவர் வெடிப்புகளும் கண்ணில் படும். பழைய வண்டியை இப்படி எந்தக் குறிப்பும் இல்லாமல் வாங்கியிருந்தால், விற்றவர் வாயால் சொன்னதை விட்டுவிட்டு, எல்லாத் திரவங்களும் காலாவதியானவை என்றே எடுத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே அனைத்தையும் மாற்றி, நோட்டின் முதல் வரியை அன்றைய தேதியில் எழுதத் தொடங்க வேண்டும்.